கலைப் படிப்பா, தொழில்நுட்பப் படிப்பா? பிழைப்பையும் யோசித்து முடிவெடுக்க ஒரு வழிகாட்டி

பள்ளிப் படிப்பு முடியும் வருடத்தில் ஒரு கேள்வி வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும்: "அந்தப் படிப்பு சோறு போடுமா?" அப்பா கேட்பார், சித்தி கேட்பார், படுக்கப் போகும்போது நமக்கு நாமே கேட்டுக்கொள்வோம். நியாயமான கேள்வி. கேட்பவரைப் பணத்தாசை பிடித்தவராகப் பார்க்கக் கூடாது. வருமானமே இல்லாமல் வருடங்களைத் தள்ளியவர்கள்தாம் பெரும்பாலும் இதை அழுத்திக் கேட்கிறார்கள்.

பதில்தான் எப்போதும் அவசரமாக வந்துவிடுகிறது. "டெக்னிக்கல் என்றால் வேலை, ஆர்ட்ஸ் என்றால் திண்டாட்டம்." நான் வரலாறு படித்தவன். என் தம்பி லேத் வேலை கற்றவன். அவன் 20 வயதில் முதல் சம்பளத்தை அம்மா கையில் கொடுத்தான். எனக்கு நிலையான வருமானம் வரும்போது 27 ஆகிவிட்டது. இப்போது இருவரும் நாற்பதைத் தாண்டிவிட்டோம். இருவருக்கும் பிழைப்பு ஓடுகிறது. இருவருக்கும் நடுவில் ஒருமுறை காலடி மண் சரிந்தது. அந்த வருடங்களில் கற்றதையும், இதே முடிவை எடுக்கத் தெரியாமல் எங்களிடம் வந்து உட்கார்ந்த பிள்ளைகளோடு பேசித் தெளிந்ததையும் இங்கே வரிசையாகச் சொல்கிறேன்.

1. எதை எதோடு ஒப்பிடுகிறீர்கள் என்று பாருங்கள்

"கலை" என்ற ஒரே சொல்லுக்குள் மூன்று உலகங்கள் இருக்கின்றன. வரலாறு, இலக்கியம், தத்துவம், மொழிகள் ஒரு பக்கம். பொருளியல், சமூகவியல், உளவியல் போன்ற சமூக அறிவியல் துறைகள் இன்னொரு பக்கம். ஓவியம், இசை, நடனம், வடிவமைப்பு என்ற நுண்கலைகள் மூன்றாவது. "தொழில்நுட்பம்" என்பதும் அப்படித்தான். பொறியியல் பட்டம் வேறு, டிப்ளமோ வேறு, வெல்டர், எலக்ட்ரீஷியன், ஃபிட்டர் என்று கைத்தொழில் பயிற்சி வேறு.

வீட்டுப் பேச்சில் நடப்பது என்னவென்றால், பெரிய நிறுவனத்தில் உட்கார்ந்திருக்கும் ஒரு பொறியாளரையும் வேலை கிடைக்காத ஒரு இலக்கியப் பட்டதாரியையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திவிடுகிறார்கள். எதிர்த்துப் பேசுகிறவர்களும் அதே தவற்றைத்தான் செய்கிறார்கள். யூடியூப் நிறுவனத்தை 2014 முதல் 2023 வரை நடத்திய சூசன் வோஜ்சிக்கி ஹார்வர்டில் வரலாறும் இலக்கியமும் படித்தவர் என்று சொல்வார்கள். அது உண்மை. அதற்குப் பிறகு அவர் பொருளியலில் ஒரு முதுகலையும், அதன்மேல் ஒரு எம்.பி.ஏ.வும் முடித்தார் என்பதைச் சேர்த்துச் சொல்வதில்லை. அந்த இரண்டாவது பாதிதான் நமக்குப் பாடம்.

ஆகவே ஒரு தாளை எடுத்து, உங்களுக்கு உண்மையிலேயே இடம் கிடைக்கக்கூடிய இரண்டு அல்லது மூன்று படிப்புகளின் முழுப் பெயரை எழுதுங்கள். எந்த நிறுவனம், எத்தனை வருடம், கையில் கிடைக்கப்போவது பட்டமா டிப்ளமோவா சான்றிதழா என்பதையும் எழுதுங்கள். இனி பேச்செல்லாம் அந்தத் தாளில் உள்ளதைப் பற்றி மட்டுமே இருக்கட்டும்.

2. வேலையில் தொடங்கிப் படிப்புக்கு வாருங்கள்

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும் செய்ய நேரம் இருக்கிறதென்றால் இதைச் செய்யுங்கள்.

தாளில் உள்ள ஒவ்வொரு படிப்புக்கும் 15 வேலை விளம்பரங்களைத் தேடி எடுங்கள். புதிதாக வேலைக்கு வருபவர்களுக்கானதாக இருக்க வேண்டும்; பத்து வருட அனுபவம் கேட்கும் விளம்பரங்கள் இப்போதைக்கு உதவாது. ஒரு நோட்டில் நான்கு கட்டம் போடுங்கள். அந்த வேலையில் தினமும் என்ன செய்யச் சொல்கிறார்கள்? எந்தப் படிப்பைக் கேட்கிறார்கள், குறிப்பிட்ட படிப்பா, ஏதாவது ஒரு பட்டம் போதுமா? உரிமம் அல்லது தேர்வு ஏதும் தனியாக வேண்டுமா? படிப்புக்கு வெளியே என்ன கைப்பழக்கம் கேட்கிறார்கள்?

நண்பரின் மகள் ஒருத்தி உளவியல் படிக்க ஆசைப்பட்டு இப்படி உட்கார்ந்து எழுதினாள். எட்டாவது விளம்பரம் வரை உற்சாகமாக எழுதினாள். அப்புறம் பேனாவை வைத்துவிட்டாள். "கவுன்சிலர்" என்று தலைப்பிட்ட விளம்பரங்கள் எல்லாம் முதுகலையும் மேற்பார்வையில் செய்த பயிற்சியும் கேட்டன. இளங்கலை போதும் என்றவை எல்லாம் மனிதவளத் துறை, ஆய்வுக்குத் தகவல் திரட்டும் வேலை, தொண்டு நிறுவனக் களப்பணி. அவள் மனத்தில் மூன்று வருடப் படிப்பாக இருந்தது, நோட்டில் ஐந்தாறு வருடப் பாதையாக மாறியது. கடைசியில் உளவியலேதான் எடுத்தாள். முதல் நாளிலேயே முதுகலைக்கும் சேர்த்துக் கணக்குப் போட்டு எடுத்தாள், அதுதான் வித்தியாசம். இதைப் பட்டம் வாங்கிய பிறகு தெரிந்துகொள்பவர்கள் எத்தனையோ பேர்.

சம்பளம் கொடுப்பவர் நம் பட்டத்தின் பெயருக்குக் கொடுப்பதில்லை. அவருக்கு முடியாத, அல்லது அவருக்கு நேரமில்லாத ஒரு வேலையை நாம் முடித்துக் கொடுக்கிறோம், அதற்குக் கொடுக்கிறார். அந்த வேலை எது என்று ஒரே வாக்கியத்தில் எழுத முடிகிறதா என்று பாருங்கள். "இயந்திரக் கையேடுகளைப் பிழையில்லாமல் தமிழில் தருவேன்" என்று மொழிபெயர்ப்பாளனான நான் எழுத ஏழு வருடம் ஆனது.

3. பணம் எப்போது வரும், எவ்வளவு காலம் வரும்?

இரண்டும் தனித்தனிக் கேள்விகள். எரிக் ஹனுஷேக் உள்ளிட்ட பொருளியலாளர்கள் 11 நாடுகளின் தரவுகளை வைத்து 2017-ல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். தொழிற்கல்வி படித்தவர்களுக்கு இளமையில் வேலை எளிதாகக் கிடைக்கிறது. வயது ஏற ஏற, பொதுக்கல்வி படித்தவர்கள் வேலையில் நீடிப்பது கூடுகிறது என்பது அவர்கள் கண்டது. தொழில்நுட்பம் மாறும்போது குறுகலாகக் கற்றவருக்கு நகர்வது கடினமாகிறது என்பது அவர்கள் தரும் விளக்கம். டேவிட் டெமிங்கும் கதீம் நொரேயும் அமெரிக்கப் பட்டதாரிகளை ஆராய்ந்து 2020-ல் வெளியிட்ட கட்டுரையும் இதையொட்டியே பேசுகிறது: கணினி, பொறியியல் பட்டதாரிகளின் கூடுதல் சம்பளம் வேலைக்குச் சேரும்போது உச்சத்தில் இருக்கிறது, பிறகு வேகமாகத் தேய்கிறது. அவர்கள் கற்ற திறன்கள் பழசாகிவிடுவதே காரணம்.

"அப்படியானால் கலைதான் நல்லது" என்று இதை வாசித்துவிடாதீர்கள். முதல் ஐந்து வருட வருமானம் ஒரு குடும்பத்தைக் கடனிலிருந்து தூக்கிவிடும். அது சிறிய விஷயமல்ல. தம்பியின் சம்பளம் இல்லாவிட்டால் நான் 27 வயது வரை தாக்குப்பிடித்திருக்க முடியாது. இதை எங்கும் சொல்வேன். வீட்டில் உடனே பணம் வந்தாக வேண்டும் என்றால், சீக்கிரம் வருமானம் தரும் பயிற்சியில் சேருவது முழுக்க மரியாதையான, அறிவான முடிவு.

ஆனால் தொழில்நுட்பத்தில் சேர்கிறவர்கள் ஒன்றை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். இணையத்தில் அனிமேஷனும் விளையாட்டும் செய்ய ஃபிளாஷ் கற்றவர்கள் ஒரு காலத்தில் கைநிறையச் சம்பாதித்தார்கள். அடோபி நிறுவனம் 2020 டிசம்பர் 31-உடன் அதற்கான ஆதரவையே நிறுத்தியது. அசைவின் தாளமும் கதை சொல்லலும் தெரிந்தவர்கள் வேறு மென்பொருளுக்கு மாறினார்கள். பட்டன்கள் இருக்கும் இடத்தை மட்டும் மனப்பாடம் செய்தவர்களுக்குத்தான் அடி விழுந்தது.

4. தொழில்நுட்பப் பக்கம் போவதென்றால்

பயிற்சி நிலையத்தின் கண்ணாடிக் கதவையும் விளம்பரத் தாளையும் பார்த்து முடிவெடுக்காதீர்கள். பட்டறையைக் காட்டச் சொல்லுங்கள். காட்ட மறுத்தால் அதுவே பதில்.

உள்ளே போனால் என்ன பார்க்க வேண்டும் என்று தம்பி பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது இது. லேத்தின் கீழ்த்தட்டைப் பார். இரும்புச் சுருள் கிடக்கிறதா, துடைத்து வைத்த மாதிரி இருக்கிறதா? கைப்பிடிகளில் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கிறதா, தூசியா? மைக்ரோமீட்டர், வெர்னியர் போன்ற அளவுக் கருவிகள் பூட்டிய அலமாரியில் இருக்கின்றனவா, மேசைமேல் இருக்கின்றனவா? சுருளும் பிசுக்கும் மேசைமேல் கருவியும் இருந்தால் பிள்ளைகள் உண்மையிலேயே ஓட்டுகிறார்கள். ஒரு இயந்திரத்துக்கு எத்தனை மாணவர்? பத்துப் பேர் சுற்றி நின்று ஒருவர் ஓட்டுவதைப் பார்ப்பதற்குப் பெயர் பயிற்சி இல்லை.

அடுத்து, வேலை செய்துகொண்டே கற்க வழி இருக்கிறதா என்று கேளுங்கள். ஜெர்மனியில் இதை நாட்டின் முறையாகவே வைத்திருக்கிறார்கள். வாரத்தில் ஒன்றிரண்டு நாள் தொழிற்பள்ளி, மீதி நாள் நிறுவனத்தில் வேலை, பயிற்சிக் காலத்திலேயே ஊதியம். பெரும்பாலும் 3 அல்லது 3½ வருடம். அங்கீகரிக்கப்பட்ட தொழில்கள் 300-க்கு மேல் இருக்கின்றன. நீங்கள் இருக்கும் இடத்தில் இவ்வளவு ஒழுங்கான ஏற்பாடு இல்லாமல் போகலாம். அப்படியானாலும் அப்ரண்டிஸாகச் சேர ஏதாவது சட்டபூர்வமான வழி இருக்கும். அதைத் தேடிப் பிடியுங்கள். சான்றிதழோடு இரண்டு வருட வேலையும் சேர்த்துக் காட்டுபவரிடம் கேள்விகள் குறைவாகவே வரும்.

சான்றிதழ் யாருடையது என்பதும் முக்கியம். பயிற்சி நிலையம் தானே அச்சடித்துத் தருவதற்கும் வெளியே செல்லுபடியாவதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். வெல்டிங்கை எடுத்துக்கொள்ளுங்கள். உருக்கு வெல்டர்களுக்கான ஐ.எஸ்.ஓ. 9606-1 என்ற சர்வதேசத் தரநிலைத் தகுதியைப் பல நாடுகளின் ஒப்பந்ததாரர்கள் கேட்கிறார்கள். அதை ஒருமுறை வாங்கிச் சட்டம் போட்டு மாட்டினால் போதாது. அந்த வகை வெல்டிங்கை அவர் தொடர்ந்து செய்துவருகிறார் என்று 6 மாதத்துக்கு ஒருமுறை பொறுப்பாளர் கையெழுத்திட வேண்டும். கைப்பழக்கம் விட்டுப்போனால் தகுதியும் போய்விடும் என்பதை ஒப்புக்கொள்ளும் விதி இது. எனக்கு இந்த விதிமேல் பெரிய மரியாதை உண்டு.

பொறியியல் பட்டமோ டிப்ளமோவோ படித்து வெளிநாடு போகும் எண்ணம் இருந்தால், ஒரு நாட்டின் படிப்பை இன்னொரு நாடு ஏற்க வழிசெய்யும் உடன்படிக்கைகளைப் பாருங்கள்: பட்டத்துக்கு வாஷிங்டன் உடன்படிக்கை (1989), தொழில்நுட்ப உதவியாளர் நிலைப் படிப்புக்கு டப்ளின் உடன்படிக்கை (2002) ஆகியவற்றின்கீழ் உங்கள் படிப்பு வருகிறதா என்று சேரும் முன்பே பார்த்துவிடுங்கள்.

தம்பிக்குக் காலடி மண் சரிந்தது 34 வயதில். அவன் இருந்த பட்டறையில் கை லேத்துகளை எடுத்துவிட்டு, கணினி நிரலால் ஓடும் சி.என்.சி. இயந்திரங்களைக் கொண்டுவந்தார்கள். இரவு வகுப்புக்குப் போய், தன்னைவிடப் பன்னிரண்டு வயது சின்னப் பையன்களோடு உட்கார்ந்து நிரல் எழுதக் கற்றான். பையன்களுக்குத் திரையில் கை வேகம். ஆனால் எந்த உலோகத்துக்கு எவ்வளவு வேகத்தில் கருவி போனால் நடுங்கும், எப்போது சத்தம் மாறும் என்பது அவனுக்குத்தான் தெரியும். அந்தச் சத்தம் தெரிந்ததால்தான் தப்பித்தேன் என்று இன்றும் சொல்கிறான்.

5. கலைப் பக்கம் போவதென்றால்

இங்கே கொஞ்சம் அதிக நேரம் நிற்கப் போகிறேன். தொழில்நுட்பப் படிப்பில் வேலைக்குப் பாலத்தை நிறுவனமே ஓரளவு கட்டித் தருகிறது. கலைப் படிப்பில் பாலத்தை நாமேதான் கட்ட வேண்டும். இதை முதல் வருடம் யாரும் சொல்வதில்லை. எனக்குச் சொல்லவில்லை.

முதலில், உங்கள் துறை எந்தக் கதவுகளுக்கு நேராகப் போகிறது, எந்தக் கதவுக்கு இன்னொரு தகுதி வேண்டும் என்று பிரித்துக்கொள்ளுங்கள். ஆசிரியர், வழக்கறிஞர், நூலகர், சமூகப் பணியாளர், ஆவணக் காப்பாளர் போன்ற வேலைகளுக்குப் பெரும்பாலான நாடுகளில் பட்டத்தின்மேல் தனிப் பயிற்சியோ முதுகலையோ வேண்டும். போட்டித் தேர்வெழுதிப் போகும் அரசு வேலைகளில் பலவற்றுக்கு எந்தப் பட்டமும் போதும். உள்ளடக்கம் எழுதுவது, பதிப்பாசிரியர் வேலை, ஆய்வுத் தகவல் திரட்டல், வாடிக்கையாளர் ஆய்வு போன்றவற்றில் பட்டத்தைவிட நீங்கள் செய்துகாட்டிய வேலைதான் பேசும்.

இரண்டாவது, முதல் வருடத்திலிருந்தே பட்டத்தோடு ஒரு கைத்திறனைச் சேர்த்து வளருங்கள். ஒன்றே ஒன்று போதும், ஆனால் ஆழமாக. வரலாறு படிப்பவர் பழைய ஆவணங்களை எண்ணிம வடிவில் பதிந்து வகைப்படுத்தக் கற்கலாம். சமூகவியல் படிப்பவர் புள்ளியியலும், அதற்கான மென்பொருள் ஒன்றும். இலக்கியம் படிப்பவர் மெய்ப்புப் பார்ப்பதும் பதிப்பிப்பதும். ஓவியர் பக்க வடிவமைப்பு. இசை படிப்பவர் ஒலிப்பதிவு. துறைக்கும் திறனுக்கும் இயல்பான ஒட்டுதல் இருந்தால் படிப்பும் சலிக்காது.

என் கதையில் அந்த ஒட்டுதல் தற்செயலாக நடந்தது. வேலை தேடி அலைந்த நாளில் ஒரு இயந்திரக் கையேட்டை மொழிபெயர்க்கக் கிடைத்தது. "பேக்லாஷ்" என்ற சொல்லில் மாட்டிக்கொண்டேன். அகராதி "பின்னடிப்பு", "எதிர்விளைவு" என்றெல்லாம் சொன்னது. எதை எழுதினாலும் வாக்கியம் உளறியது. தம்பி தன் பட்டறைக்குக் கூட்டிக்கொண்டு போனான். "அண்ணா, இங்க கை வை" என்று லேத்தின் குறுக்குச் சறுக்கியை நகர்த்தும் சக்கரத்தில் என் கையை வைத்தான். வலப்பக்கம் சுற்றினேன், கருவி முன்னே போனது. "இப்ப திருப்பிச் சுத்து." இடப்பக்கம் சுற்றினேன். சக்கரம் கொஞ்சம் தூரம் திரும்பியது, கருவி அசையவே இல்லை. அப்புறம்தான் பிடித்துக்கொண்டு நகர்ந்தது. "இந்தச் சும்மா சுத்துற தூரம் இருக்கு பாரு, அதான் பேக்லாஷ்."

அன்று இரவு அந்தப் பக்கத்தை முழுக்கத் திருத்தி எழுதினேன். கையேட்டை அனுப்பியவர் அடுத்த கையேட்டை எனக்கே கொடுத்தார். வாக்கியம் எழுதத் தெரிந்தவர்கள் ஏராளம், சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தவர்களும் ஏராளம். இரண்டையும் செய்தவர்கள் குறைவு. கலை படிக்கும் பிள்ளைகளுக்கு நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதைத்தான்: உங்கள் மொழியை, உங்கள் வாசிப்பை ஏதாவது ஒரு துறையின் பட்டறைக்குள் கொண்டுபோங்கள். மருத்துவமனை, நீதிமன்றம், வயல், மென்பொருள் எதுவாகவும் இருக்கலாம்.

மூன்றாவது, செய்த வேலைகளைத் தொகுத்து வையுங்கள். ஒவ்வொரு பருவத்துக்கும் முடித்த வேலை ஒன்று என்று வைத்தால் மூன்று வருடத்தில் ஆறு இருக்கும். வகுப்புக் கட்டுரை இதில் சேராது. வேறொருவர் பயன்படுத்திய வேலையாக இருக்க வேண்டும்: ஒரு அமைப்புக்குச் செய்த துண்டறிக்கை, ஒரு நூலகத்துக்குத் தயாரித்த பட்டியல், ஒரு குறும்படத்துக்குப் போட்ட துணைத்தலைப்பு.

பட்டம் பொருந்தாவிட்டாலும் அனுபவம் கதவைத் திறக்கும் என்பதற்கு என் தொழிலே உதாரணம். மொழிபெயர்ப்புச் சேவைக்கான ஐ.எஸ்.ஓ. 17100 தரநிலை (2015) மொழிபெயர்ப்பாளருக்கு மூன்று வழிகளை ஏற்கிறது. மொழிபெயர்ப்பில் பட்டம் ஒன்று. வேறு ஏதாவது பட்டமும் 2 வருட முழுநேர அனுபவமும் இரண்டாவது. 5 வருட முழுநேர அனுபவம் மட்டும் மூன்றாவது. நான் இரண்டாவது வழியில் வந்தவன். உங்கள் துறையிலும் இப்படிப் பக்கவாசல் உண்டா என்று தேடிப் பாருங்கள்.

எனக்கு மண் சரிந்தது இயந்திர மொழிபெயர்ப்பு வளர்ந்தபோது. எளிய கடிதங்களும் விளம்பரங்களும் என்னிடம் வருவது நின்றுபோனது. கையேடுகள் மட்டும் தொடர்ந்தன, ஏனென்றால் அங்கே ஒரு சொல் தவறினால் ஒருவர் விரல் போகலாம், பொறுப்பேற்க ஒரு ஆள் வேண்டும். இன்று செயற்கை நுண்ணறிவு இரு பக்கத்துப் பிள்ளைகளையும் பயமுறுத்துகிறது. ஒரு வேலையை எடைபோடும்போது, தவறு நடந்தால் யார் பதில் சொல்ல வேண்டியிருக்கும் என்று கேட்டுப் பாருங்கள். பதில் சொல்லும் ஆள் தேவைப்படும் வேலை சுலபத்தில் போகாது என்பது என் கணிப்பு.

6. கணக்கு போடுங்கள்

கல்விக் கட்டணம் மட்டும் செலவு இல்லை. தங்கும் செலவு, கருவிகள், கடனுக்கான வட்டி, படிக்கும் வருடங்களில் சம்பாதிக்காமல் விட்ட பணம் எல்லாமே செலவுதான். இதையெல்லாம் கூட்டி, இரண்டாம் படியில் பார்த்த விளம்பரங்களின் தொடக்கச் சம்பளத்தோடு வைத்துப் பாருங்கள். அதிகபட்சத்தை எடுக்காதீர்கள், நடுவில் உள்ளதை எடுங்கள். மாதக் கடன் தவணை போக மீதியில் ஒரு ஆள் வாழ முடியுமா? முடியாது என்று வந்தால், அதே படிப்பைக் குறைந்த செலவில் தரும் இடத்தைத் தேடுங்கள். பெயர் தெரியாத ஒரு தனியார் நிறுவனத்தில் பெரிய கடன் வாங்கிப் பொறியியல் படிப்பதைவிட, குறைந்த கட்டணத்தில் ஒரு நல்ல ஆசிரியரிடம் பொருளியல் படிப்பது பிழைப்புக்கு நல்லது. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

7. அனுபவத்தில் இளையவர் ஒருவரையும் மூத்தவர் ஒருவரையும் பாருங்கள்

நீங்கள் நினைக்கும் வேலையில் 3 வருடம் இருப்பவர் ஒருவர், 15 வருடம் இருப்பவர் ஒருவர். முதலாமவரிடம் நுழைந்த கதையைக் கேளுங்கள்: எத்தனை விண்ணப்பம், யார் மூலம், முதல் வேலை என்ன. இரண்டாமவரிடம் நீடித்த கதையைக் கேளுங்கள்: எப்போது பயந்தார், எதைப் புதிதாகக் கற்றார், உடன் தொடங்கியவர்கள் இப்போது எங்கே. "உங்கள் படிப்பு நல்லதா?" என்று மட்டும் கேட்காதீர்கள். தன் வாழ்க்கையை நல்லதில்லை என்று சொல்ல யாருக்கும் மனம் வராது.

8. திரும்பி வர வழி இருக்கிறதா?

17 வயதில் எடுக்கும் முடிவு தவறிப்போகலாம். எனவே ஒவ்வொரு படிப்பிலிருந்தும் மறுபக்கம் போக வழி உண்டா என்று எழுதி வையுங்கள். டிப்ளமோவிலிருந்து பட்டப்படிப்பின் நடு வருடத்தில் சேர முடியுமா? கலைப் பட்டம் முடித்தவரை ஏற்கும் கணினி அல்லது தகவல் அறிவியல் முதுகலை உண்டா? சுவிட்சர்லாந்தில் இளைஞர்களில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர் தொழிற்கல்விக்கே போகிறார்கள். அங்கே பெற்றோர் அதற்குப் பயப்படாததற்கு ஒரு காரணம், தொழிற்பயிற்சியோடு கூடுதல் தேர்வு எழுதினால், தொழில் சார்ந்த பட்டப்படிப்பு தரும் பயன்முறைப் பல்கலைக்கழகத்துக்குள் போகலாம் என்பது. வழி அடைபட்ட படிப்பு மலிவாகக் கிடைத்தாலும் யோசியுங்கள்.

9. வீட்டில் பேசும்போது

"எனக்குப் பிடித்திருக்கிறது" என்பதோடு நிறுத்தாதீர்கள். நோட்டைக் கொண்டுபோய் விரித்து வையுங்கள்: விளம்பரங்கள், கணக்கு, சந்தித்த ஆட்கள், தவறினால் திரும்பும் வழி. பயத்தில் பேசுகிறவர்களிடம் கனவைச் சொன்னால் பயம் கூடும். கணக்கைக் காட்டினால் கேள்வி கேட்பார்கள். கேள்வி வரத் தொடங்கிவிட்டால் பாதிச் சண்டை முடிந்தது. பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள்: பிள்ளை காட்டும் நோட்டை முதல் பக்கத்திலிருந்து படியுங்கள், பக்கத்து வீட்டுப் பிள்ளையை அதற்குள் கொண்டுவராதீர்கள்.

சேர்ந்த பிறகு அந்த நோட்டைத் தூக்கிப் போட்டுவிட வேண்டாம். முதல் வருடம் முடியும் மாதத்தில் அதே படிப்புக்குப் புதிதாக 15 விளம்பரங்களை எடுத்து, பழைய கட்டங்களுக்குப் பக்கத்தில் எழுதுங்கள். கேட்கும் கைத்திறன் ஏதாவது மாறியிருந்தால், அடுத்த விடுமுறையில் கற்க வேண்டியது எது என்று அந்தப் பக்கத்திலேயே தெரிந்துவிடும்.